உப்பளத்து நாய்க்கு ரத்தம் ஊறிய கதை

பிள்ளைகளா, தெருவில் எந்த நாய் கிட்டே வந்தாலும் அப்பா அதன் மேலுதட்டைத் தூக்கிப் பார்க்கிறார் என்று நீங்கள் இருவரும் சிரிக்கிறீர்கள். போன வாரம் கோட்டக்குப்பத்தில் பஸ்ஸுக்கு நின்றபோதும் அப்படித்தான் செய்தேன். "அப்பா, கடிக்கப் போவுதுப்பா" என்று பாப்பா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஏன் அப்படிப் பார்க்கிறேன் என்பதை எழுதி வைக்கிறேன். வாயால் சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுவீர்கள். எழுதி வைத்தால் என்றைக்காவது படிப்பீர்கள். நான் ஒன்பதாவது வரைக்கும் படித்தவன். பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

கடல் உள்ளே வந்துபோன மறு வருடம், 2005. பாப்பா அப்போது பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். தம்பி, நீ அம்மா வயிற்றில்கூட இல்லை. உப்பளத்துப் பாத்திகளில் எல்லாம் சேறு ஏறிக் கிடந்தது. அதை வழித்து, வரப்பு கட்டி, மறுபடி உப்புத் தண்ணீர் ஏற்றவே மாசி முடிந்துவிட்டது. தண்ணீர் ஏற்றும் ஆயில் என்ஜினைப் பார்த்துக்கொள்வது என் வேலை. உங்கம்மா உப்பு வாருவாள்.

ஆனால் அவள் உடனே வேலைக்கு வரவில்லை. கடலுக்குப் பயம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அது இல்லை, பாம்புக்குப் பயம். தண்ணீர் வந்து போனதிலிருந்து வரப்போரப் புதர்களில் பாம்பு அதிகமாகிவிட்டது. விடியற்காலை இருட்டில் ஒற்றை வரப்பில் நடந்துபோக வேண்டும். அவளைத் திரும்ப வேலைக்குக் கூட்டி வந்தது ஒரு நாய்தான். செம்பட்டை நிறம், ஒரு காது மடிந்திருக்கும். பெண்கள் வரப்பில் இறங்கினால் அது முன்னால் ஓடும். ஏதாவது நெளிந்தால் நின்று குரைக்கும். அது போகிற தடத்தில்தான் உங்கம்மா கால் வைப்பாள். அது வராத அன்றைக்குப் பாதி வழியில் திரும்பி வந்திருக்கிறாள்.

அந்த நாய் யாருக்கும் சொந்தமில்லை. அங்கே வேலை பார்த்த பதினோரு பேருக்கும் பொது. ஆளுக்கொரு பேர் வைத்திருந்தோம். எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் வரும். அதனால் ஒவ்வொருவரும் அது தன்னுடைய நாய் என்றே நினைத்திருந்தோம்.

பங்குனியில் ஒருநாள் மதகுப் பலகை சரிந்து அதன் முன்னங்காலில் விழுந்தது. எலும்பு உடையவில்லை, ஆனால் நொண்டியது. அப்போது எல்லா வீட்டிலும் ஒரு பிளாஸ்டிக் பை நிறைய மாத்திரை இருந்தது. கடல் வந்த பிறகு முகாம் போட்டவர்கள் கொடுத்தது. எது காய்ச்சலுக்கு, எது வயிற்றுப்போக்குக்கு என்று பொறுமையாகச் சொல்லித்தான் கொடுத்தார்கள். நாங்கள்தான் எல்லாவற்றையும் ஒரே பையில் கொட்டி வைத்தோம். அதில் வலி மாத்திரை எது என்று மட்டும் எல்லோருக்கும் தெரியும். நாள் முழுக்கக் குனிந்து உப்பு வாருகிறவர்களுக்கு அதுதானே வேண்டும்.

நான் அந்த மாத்திரையில் பாதியை உடைத்து பன்னுக்குள் வைத்து நாய்க்குக் கொடுத்தேன். சாப்பிட்டது. மறுநாளும் என்ஜின் கொட்டகைக்கு நொண்டிக்கொண்டே வந்தது. பாவமாக இருந்தது. அன்றைக்கும் கொடுத்தேன். இப்படியே இரண்டு மாதம் போயிற்று.

வைகாசிக் கடைசியில் உங்கம்மாதான் முதலில் கவனித்தாள். வரப்பில் பாதி தூரம் ஓடிய நாய் உட்கார்ந்துவிட்டது. அதட்டியும் எழுந்திருக்கவில்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்கியது.

"ஏன்யா, இதோட நாக்கப் பாரு. சுண்ணாம்பு தின்ன மாதிரி இருக்குது."

நான் பார்த்தேன். நாக்கு, ஈறு எல்லாம் வெள்ளைத் துணி மாதிரி இருந்தது. வயிற்றுப் பக்கம் மயிரை விலக்கினால் ஊசியால் குத்தியது போலச் சிவப்புப் புள்ளிகள். பக்கத்து ஊர்க் கால்நடை டாக்டரிடம் காட்டினோம். அவர் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, "ரத்தமே இல்லப்பா இதுக்கு. இங்க வெச்சிக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது, புதுச்சேரிக்கு எடுத்துட்டுப் போ" என்று கடிதம் எழுதிக் கொடுத்தார்.

பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். உப்பு ஏற்றிப் போகும் லாரிக்காரரைக் கேட்டேன். "மூட்ட மேல ஏத்தாத. ஒண்ணுக்குப் போச்சுன்னா ஊரே அதத்தான் கொழம்புல போடும். முன்னாடி உன் மடியில வெச்சிக்க" என்றார். அப்படியே மடியில் வைத்துக்கொண்டு போனேன். வழியில் அரை மாத்திரையும் பன்னும் கொடுத்தேன். பயணத்தில் கால் வலிக்குமே என்று.

பெரிய ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தது ஒரு சின்ன வயது டாக்டரம்மா. நாயின் உதட்டைத் தூக்கி ஈறில் விரலை அழுத்தினார். ரத்தம் எடுத்தார். ஒவ்வொன்றாகக் கேட்டார். மூக்கில் ரத்தம் வந்ததா, மலத்தில் வந்ததா, உண்ணி இருந்ததா.

"வேற மருந்து ஏதாவது குடுத்தீங்களா?"

"இல்லீங்கம்மா. ஒண்ணுமே குடுக்கல."

அவ்வளவு உறுதியாகச் சொன்னேன். பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. டாக்டர் சீட்டு எழுதிக் கடையில் வாங்குவதுதான் எங்களுக்கு மருந்து. சும்மா வந்து பையில் கிடப்பதை யார் மருந்து என்று நினைத்தார்கள்?

கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டு என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். உப்பளம் என்றேன்.

"கொட்டி வெச்ச உப்பு குறையுதுன்னா என்ன அர்த்தம்?"

"எவனோ அள்ளிக்கிட்டுப் போறான். இல்லன்னா மழை கரைச்சிருக்கும்."

"ரெண்டும் இல்லன்னா?"

"பாத்தி விளையலீங்க."

"அதான். இதுக்குப் பாத்தி விளையல" என்றார். ரத்தம் வெளியே போனாலும் உள்ளேயே அழிந்தாலும் உடம்பு சும்மா இருக்காதாம். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை புதுப்புது அணுக்களைச் செய்து அனுப்பிக்கொண்டே இருக்குமாம். இந்த நாயின் ரத்தத்தில் புது அணு ஒன்றுகூடக் காணோம். பழையது தீர்ந்துகொண்டு வருகிறது, புதியது வரவில்லை. உண்ணிக் காய்ச்சலிலும் இப்படி ஆகும் என்று அதற்கு மாத்திரை கொடுத்து, பத்து நாள் கழித்து வரச் சொன்னார். அப்போதும் தேறவில்லை என்றால் மஜ்ஜையையே எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

அந்த மாத்திரையைக் காலையும் மாலையும் தவறாமல் கொடுத்தேன். கூடவே வலி மாத்திரையும் கொடுத்தேன். டாக்டர் கொடுத்தது காய்ச்சலுக்கு, இது காலுக்கு என்பது என் கணக்கு.

பத்து நாளில் நாய் மோசமாகிவிட்டது. மூக்கில் ரத்தம் கசிந்தது. சாக்கில் படுக்க வைத்துத்தான் தூக்கிப்போனோம். இந்த முறை உங்கம்மாவும் வந்தாள். நாயை மயக்கி, தோள்பக்கத்து எலும்பில் பெரிய ஊசியை இறக்கி மஜ்ஜை எடுத்தார்கள். உங்கம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்க்காமல் இருந்தால் அதைத் தனியாக விட்ட மாதிரி இருக்கும் என்று தோன்றியது.

டாக்டரம்மா வெகுநேரம் கழித்து வெளியே வந்தார். "உள்ள கொழுப்புதான் தெரியுது. ரத்தத்த ஊற வைக்கிற அணுக்கள் ரொம்பக் கொஞ்சம். சிலதுக்குக் காரணமே தெரியாம இப்படி வரும். அப்படின்னா எங்க கையில ஒண்ணும் இல்லீங்க. ரொம்பக் கஷ்டப்படுறதுக்கு முன்னாடி ஊசி போட்டு அனுப்பிடறதுதான் நல்லது."

உங்கம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"எலி மருந்து, பூச்சி மருந்து ஏதாவது தின்னிருக்குமா?" என்று டாக்டரம்மா இன்னொரு முறை கேட்டார்.

"அங்க உப்பத் தவிர ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

உங்கம்மா முந்தானையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏன்யா, கால்வலி மாத்திரைய சொன்னியா?"

"அத எதுக்குச் சொல்றது? அது நிவாரணத்துல வந்ததுதான?"

"நிவாரணத்துல வந்தா? வயித்துக்குள்ள தான போவுது?"

டாக்டரம்மா கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்தார். "என்ன மாத்திரை? எத்தன நாளா?"

"ரெண்டு மாசமா இருக்கும். அரை மாத்திரதாங்க. ஒரு நாளைக்கு ஒரு தடவதான்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. "அரை மாத்திரையில இவ்வளவு ஆகுமான்னு தெரியல. வேற யாரும் குடுக்கலையே?"

"இல்லீங்க. நான் மட்டும்தான்."

அதையும் உறுதியாகத்தான் சொன்னேன். அந்த மாத்திரையைக் கொண்டுவரச் சொன்னார். நாயை அங்கேயே வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் வளர்த்த ஒரு பெரிய நாயின் ரத்தத்தை இதற்கு ஏற்றினார்கள். இது சில நாளைக்குத்தான் தாங்கும், அதற்குள் இதுவே ஊற வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். லாரியில் திரும்பும்போது உங்கம்மா ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். "செத்துப்போனா நாமதான் கொன்னதா அர்த்தமா?" நாம் என்று அவள் சொன்னது பெரிய மனசு. கொடுத்தது நான்.

மறுநாள் காலை உப்பளத்தில் எல்லோரும் நாயைப் பற்றிக் கேட்டார்கள். நடந்ததைச் சொன்னேன். மேஸ்திரி, அவர் அறுபது தாண்டியவர், மண்வெட்டியை வரப்பில் குத்தி நிறுத்தினார்.

"கால்வலி மாத்திரையா? நானும்தான்டா குடுத்தேன்."

"நீங்களா?"

"எங்கிட்ட வந்து நொண்டுச்சே. பாவம், வேற யாரும் பாக்க மாட்டேங்கிறானுங்களேன்னு கருவாட்டுல சுத்திக் குடுத்தேன்."

தலையில் கூடையோடு நின்ற ஒரு அக்கா கூடையை இறக்கினாள். "எங்கிட்டயும்தான் நொண்டுச்சு. பழைய சோத்து உருண்டையில வெச்சித் தெனம் ஒண்ணு போட்டேன். வலது காலுதான?"

"இன்னாம்மா வலது காலு? எடது காலு" என்றார் மேஸ்திரி.

"எங்கிட்ட பின்னங்கால்ல நொண்டும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

எல்லோரும் ஒரு நிமிஷம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்புறம் சிரிப்பு வெடித்தது. அந்த அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கால் என்றைக்கோ ஆறிவிட்டது. நொண்டினால் தீனி கிடைக்கும் என்று அது கண்டுபிடித்திருக்கிறது. என்னிடம் பன், மேஸ்திரியிடம் கருவாடு, அக்காவிடம் சோற்று உருண்டை. எங்கள் கண்ணுக்கு மறைந்தால் நாலு காலிலும் ஓடியிருக்கும்.

"நம்மள விடக் கெட்டிக்காரன்டா அவன்" என்றார் மேஸ்திரி. அதோடு சிரிப்பு நின்றுபோனது. யார் யார் கொடுத்தோம் என்று எண்ணினோம். பதினோரு பேரில் எட்டுப் பேர். சிலர் பாதி, சிலர் முழுசு. யாரும் யாரிடமும் சொல்லவில்லை. வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் எல்லோரும் மாத்திரைப் பையைக் கொண்டுவந்தார்கள். மேஸ்திரி தன் பையை என் கையில் கொடுத்தபோது, "டாக்டரம்மாகிட்ட என்னையும் சேத்துச் சொல்லு. நீ ஒருத்தனே வாங்கிக் கட்டிக்காத" என்றார்.

அன்றைக்கே புதுச்சேரிக்குக் கொண்டுபோனேன். டாக்டரம்மா மேஜையில் செய்தித்தாளை விரித்து எல்லாவற்றையும் கொட்டினார். விரலால் தள்ளித் தள்ளிப் பிரித்தார். ஒரு ரகத்தை மட்டும் தனியாக ஒதுக்கினார்.

"இதுதான். மனுஷனுக்கே பார்த்துப் பார்த்துக் குடுக்குறது. நாய்க்கு இது மஜ்ஜைய அமுக்கிடும். எட்டுப் பேர்னா சொல்றீங்க?"

"எட்டுப் பேருங்க."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் முகம் நேற்றைப்போல இல்லை. காரணம் தெரியாத வியாதி என்றால் செய்ய ஒன்றுமில்லை. காரணம் தெரிந்துவிட்டது, நிறுத்திவிட்டால் மஜ்ஜை திரும்ப வேலையை ஆரம்பிக்கலாம், ஆரம்பிக்காமலும் போகலாம், மூன்று நான்கு வாரம் பார்ப்போம் என்றார். "ஊசியப் பத்தி இப்ப பேச வேணாம்."

"மொத நாளே கேட்டீங்கம்மா. நான்தான் இல்லன்னு சொல்லிட்டேன்."

"நெறைய பேர் அப்படித்தான் சொல்லுவாங்க. இப்பவாவது சொன்னீங்களே."

பிள்ளைகளா, இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எட்டுப் பேரில் ஒருவர்கூட கெட்டது நினைக்கவில்லை. நாம் ஒருவர்தான் பார்த்துக்கொள்கிறோம் என்று ஆளாளுக்கு நினைத்தோம், அவ்வளவுதான். நாளைக்கு உங்களை ஒரு டாக்டர் கேட்டால், இதைப் போய்ச் சொல்வதா என்று நினைப்பதைத்தான் முதலில் சொல்லுங்கள்.

நாயை வீட்டுக்குக் கொண்டுவந்து கொல்லையில் கட்டினோம். அது கட்டிப் பழகியது இல்லை. கயிற்றைக் கடித்தது. கடிக்கவாவது தெம்பு இருக்கிறதே என்று உங்கம்மா சொன்னாள். உப்பளத்து ஆட்கள் வேலை முடிந்து ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். அவர்களைப் பார்த்ததும் படுத்திருந்த நாய் மெதுவாக எழுந்து, ஒரு காலைத் தூக்கிக் காட்டியது. மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனார்.

அப்போதுதான் உதட்டைத் தூக்கிப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது. காலையில் எழுந்ததும் அதுதான் முதல் வேலை. உங்கம்மா தன் உதட்டை மடித்துக் காட்டி, "இந்த நெறம் வரணும்" என்பாள். எனக்கு ஒருநாள் கொஞ்சம் சிவந்த மாதிரி தெரியும். மறுநாள் பழையபடி வெளுத்துத் தெரியும். ஆசைதான் நிறம் காட்டுகிறது என்று புரிந்தது. இரண்டாவது வாரம் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். புது அணு இல்லை. இன்னொரு தடவை ரத்தம் ஏற்றினார்கள். அந்த வாரம் உங்கம்மா வேலைக்குப் போகவில்லை. பாம்புக்காகத்தான் என்று சொன்னாள். நாயை விட்டுப் போக மனசில்லை என்று எனக்குத் தெரியும், நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

நான்காவது வாரம் போனபோது ரத்தம் எடுத்துவிட்டு எங்களை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் எல்லாம் மாடும் ஆடும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். டாக்டரம்மா கதவைத் திறந்து கையால் கூப்பிட்டார். முகத்தைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"இங்க வாங்க. இதுல ஒரு கண்ண வெச்சுப் பாருங்க."

மைக்ராஸ்கோப்பில் நான் அதற்கு முன்பு பார்த்ததே இல்லை. முதலில் என் இமைமயிர்தான் தெரிந்தது. அப்புறம் வட்டவட்டமாக, வெளிறிய பொட்டுகள். அவற்றுக்கு நடுவே சில பொட்டுகளுக்குள் மட்டும் நீல நூல் சிக்கிக் கிடப்பது போல இருந்தது.

"நீலமா, நூலு மாதிரி இருக்குதுங்களே."

"அதுதான் புதுசு. இப்பதான் மஜ்ஜையிலேருந்து வந்திருக்குது. போன தடவ ஒண்ணுகூட இல்ல. இப்ப நெறைய."

நான் கண்ணை எடுக்கவில்லை. டாக்டரம்மா, "போதுங்க, நான் எண்ணணும்" என்றார். அப்புறம்தான் நகர்ந்தேன். உங்கம்மாவும் குனிந்து பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியல. நீ சிரிக்கிறதப் பாத்தா பொழச்சிக்கிச்சுன்னு தெரியுது" என்றாள். நான் சிரித்துக்கொண்டிருந்தது எனக்கே அவள் சொல்லித்தான் தெரியும்.

திரும்பும்போது லாரி ஒரு டீக்கடையில் நின்றது. நாய் இறங்கி, கல்லாவில் இருந்தவர் முன்னால் போய் நொண்டியது. அந்த மனிதர், "ஐயோ, கால் இன்னா ஆச்சு இதுக்கு?" என்றார். லாரிக்காரர் டீயைத் துப்பிவிட்டுச் சிரித்தார். கல்லாவில் இருந்தவர் ஒரு பன் கொடுத்தார். வெறும் பன்தான்.

ஆவணியில் அது மறுபடி வரப்பில் ஓடியது. முன்னைப்போல வேகமில்லை, ஆனால் பாதியில் உட்காரவில்லை. உங்கம்மா அதன் பின்னாலேயே கூடையோடு போனாள். நான் என்ஜினை முறுக்கிவிட்டு அவர்கள் சிறுத்துப் போகும்வரை பார்த்தேன்.

அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு நான் மட்டும் இருந்தேன். டீ போடும் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டு எடுத்து, என்ஜின் கொட்டகையின் வெளிச்சுவரில், 'நாய்க்கு யாரும் மாத்திரை கொடுக்கக் கூடாது' என்று பெரிதாக எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான், எங்களில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது என்பது ஞாபகம் வந்தது. அதனால் பக்கத்தில் வட்டமாக ஒரு மாத்திரை போட்டு, அதன் குறுக்கே கோடு கிழித்தேன். அப்புறம் ஒரு நாய் வரைந்தேன். ஆடு மாதிரி வந்தது. விரலில் எச்சில் தொட்டு அழித்துவிட்டு, காதை மடித்து, வாலை மேலே வளைத்து மறுபடி வரைந்தேன்.